கித்தா மரத்தில் ஒரு கண் பரிசோதனை

பராசக்தி டாக்டர் யாரிடமும் உடனே பேசத் தொடங்கமாட்டார். எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பார், பிறகு வலப்பக்கம். அதற்குப் பிறகுதான் வணக்கம். மருத்துவமனையில் மட்டும் என்றில்லை. கல்யாண வீட்டில், வங்கி வரிசையில், அம்பாங்கான் சந்தையில் மீன் எடை போடுபவரிடம்கூட அப்படித்தான். ஒருமுறை மீன்காரரின் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்னா டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரர அந்தப் பார்வ பாக்குறீங்க?"

"அவருக்கு ரெண்டு கண்ணிலையும் லென்ஸ் இருக்கு. வலக்கண்ணிலை கொஞ்சம் சரிஞ்சு நிக்குது. ஒருக்கா வந்து காட்டச் சொல்லுங்கோ" என்றார் டாக்டர்.

பக்கத்தில் பையோடு நின்ற ஃபெலிசியாவுக்கு அன்றைக்குத்தான் அந்தச் சாய்வின் பொருள் விளங்கியது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டாகியிருந்தது. அதுவரை கழுத்துவலி என்றுதான் நினைத்திருந்தாள். செயற்கை வில்லை பொருத்திய கண்ணில் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படும்போது, கண்மணிக்குள் ஒரு சின்னச் சில்லு மினுங்கி மறையும். தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும் மினுக்கம். டாக்டர் இருபது வருடங்களாக ஊர் முழுவதும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆராய்ச்சி முழுவதும் ஒரே கேள்விதான். புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு, ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொருளை மனிதக் கண்ணுக்குள் வைக்கிறோம். அது அங்கே என்ன செய்கிறது? அடுத்த வாரமல்ல, அடுத்த பத்து வருடங்களில்? மற்ற மருத்துவர்கள் அறுவையை முடித்துக் கையைக் கழுவியதும் கதை முடிந்துவிடும். பராசக்தி டாக்டருக்கு அங்கேதான் தொடங்கும்.

ஃபெலிசியா கோலா கிளாவாங் பக்கத்தில், கித்தா என்று ஊரார் சொல்லும் ரப்பர் மரத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஜோசப்ராஜ் ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டினார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற அந்த லயத்திலேயே முதல் பட்டதாரி அவள்தான். கண் பரிசோதனை படித்துவிட்டு சிரம்பானில் டாக்டரின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தாள். பட்டம் வாங்கிய பிறகும், யாரோ ஒருவர் வந்து 'நீ இங்கே என்ன செய்கிறாய்?' என்று கேட்கப்போகிறார் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.

முதன்முறையாக அறுவை அறையில் நுண்ணோக்கியின் பக்கக் குழாய் வழியே அவள் பார்த்ததைப் பின்னாளில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சுருட்டிய வில்லை ஒரு மெல்லிய குழல் வழியாகக் கண்ணுக்குள் நுழைகிறது. ஒரு கணம் அசையாமல் கிடக்கிறது. பிறகு, எண்ணெயில் போட்ட அப்பளம் விரிவதுபோல, ஆனால் சத்தமேயில்லாமல், தானே தன் மடிப்பை அவிழ்த்துக்கொண்டு விரிகிறது. விரிந்து, ஏற்கெனவே தனக்கென்று ஒதுக்கிவைத்த இடம்போல பழைய வில்லை இருந்த மெல்லிய பைக்குள் போய் உட்காருகிறது. மேசையில் படுத்திருந்தவர் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் அந்தோனியம்மாள்.

மறுநாள் கண்கட்டைப் பிரித்ததும் அந்தோனியம்மாள் முதலில் பார்த்தது ஃபெலிசியாவின் முகத்தை. "ஏ மிஸ்ஸி, ஒனக்கு மூக்குல மச்சம் இருக்கு!" என்று கூவினார். ஃபெலிசியா தாதி இல்லையென்று எவ்வளவு சொன்னாலும் தோட்டத்தில் அவள் மிஸ்ஸிதான்.

அது இரண்டாயிரத்துப் பதின்மூன்று. டாக்டரின் பெரிய ஆய்வு அந்த ஆண்டுதான் தொடங்கியது. புதுவகை வில்லை ஒன்று வந்திருந்தது. அதன் முகத்தில் மயிரிழை போன்ற வளையங்கள் இருக்கும். தூரமும் தெரியும், கிட்டவும் தெரியும், கண்ணாடி வேண்டாம். வியர்வையிலும் மழையிலும் வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடி பெரும் தொல்லை. வழுக்கி விழும், ஆவி படியும், உடையும். அதனால் தோட்டத்து ஆட்களுக்கு இதைவிட நல்லது வேறெதுவும் இருக்க முடியாது என்று டாக்டர் நம்பினார். அறுபத்திரண்டு பேர். சீட்டுக் குலுக்கி, அந்தோனியம்மாள் உட்படப் பாதிப் பேருக்கு வளைய வில்லை, மறுபாதிக்குச் சாதாரண வில்லையும் கிட்டப்பார்வைக்குக் கயிறு கட்டிய கண்ணாடியும். அத்தனை கண்களிலும் டாக்டர்தான் கைவைத்தார். பிறகு ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு முறை, ஃபெலிசியா வீடுவீடாகப் போய் எழுத்துப் பலகையில் படிக்கவைத்து, பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாளை நிரப்பினாள்.

மங்கலாகத் தெரிகிறதா? இல்லைங்க. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? இல்லைங்க. வேலை செய்யச் சிரமமா? ஒரு கொறையும் இல்லைங்க, டாக்டரம்மா நல்லா இருக்கணும்.

பலகையில் எல்லாரும் கடைசி வரி வரை படித்தார்கள். பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே பதில். இரண்டு குழுவிலும் குறையில்லை. வளைய வில்லைக்காரர்களுக்குக் கண்ணாடியும் தேவையில்லை. இதைவிடத் தெளிவான முடிவு வேண்டுமா? இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்டில், கோலாலம்பூரில் ஒரு நிபுணர் குழுவின் முன்னால் டாக்டர் பேசுவதாக ஏற்பாடு. அவர்கள் சரி என்றால் தோட்டப்புறத்து ஆட்களுக்கெல்லாம் இனி அந்த வில்லைதான்.

பேச்சுக்கு மூன்று வாரம் இருந்தபோது, கடைசிச் சுற்றுத் தாள்களை நிரப்ப ஃபெலிசியா கோலா பிலாவுக்குப் போனாள். எப்போதும் மாலையில் வீட்டுக்குப் போகிறவள், அன்று காலையிலேயே போய்விட்டாள். அந்தோனியம்மாளைத் தேடிக் காட்டுக்குள் நடந்தவளை வெட்டுக்காரர்களின் மேற்பார்வையாளரான மண்டோர் நல்லசாமி மோட்டாரை நிறுத்திக் கேட்டார்.

"யாரு, அந்தோனியம்மாளா? அது இப்ப மரம் வெட்டுற நிரையில இல்ல மிஸ்ஸி. புல்லுக்கு மருந்தடிக்க அனுப்பிட்டோம். ரெண்டு வருசமாச்சு."

"ஏன்?"

நல்லசாமி மோட்டாரைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஒரு மரத்தருகே கூட்டிப்போய்க் காட்டினார். வெட்டுக்கோட்டின் கீழே பட்டை புடைத்து, ஆறிய புண்போல முண்டுமுண்டாக இருந்தது. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு நூல் அளவுக்குத்தான் இடைவெளி. பால் வெட்டுகிறவரின் உளி அந்த நூலைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் இனி ஒழுங்காகப் பால் வராது.

"நாப்பது வருச வெட்டுக்காரி. இந்தத் தோட்டத்துலயே அது கைதான் கை. கண்ணு ஆப்ரேசன் பண்ணதுக்கப்புறம் இப்படி. நானும் மூடிமூடிப் பாத்தேன். தொரைக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஃபெலிசியா அந்தோனியம்மாளை மருந்துக் கொட்டகையில் கண்டுபிடித்தாள். முதுகில் தெளிப்பான், முகத்தில் துணி.

"பசியாறிட்டியா மிஸ்ஸி? இரு, மிலோ கலக்கித் தாரேன்."

"ஆன்ட்டி, போன தடவ வேலை செய்ய முடியுதான்னு கேட்டேன். முடியுதுன்னீங்க."

"முடியுதே. மருந்தடிக்கிறதும் வேலதான லா."

"லைட்டச் சுத்தி வளையம் தெரியுதான்னு கேட்டேன்."

அந்தோனியம்மாள் முகத்துணியை இறக்கினார். "தெரியாம என்னா? மாதா கோயில் தேருக்குப் பல்பு சுத்துவாங்க பாரு, அந்தக் கணக்கா. விடியறதுக்கு முந்தி தலை லைட்டப் போட்டுக்கிட்டு மரத்துக்கிட்ட போனா, பால் வழியிற கோடு, மழைத்தண்ணி எல்லாம் சேந்து மினுமினுங்குது. பட்ட எங்க முடியுது, கட்ட எங்க தொடங்குதுன்னு ஒன்னும் புரியாது. சூரியன் வந்துட்டா எல்லாம் சரியாப்போவுது. ஆனா சூரியன் வந்தப்புறம் வெட்டுனா பால் பாதிகூட வராதே?"

"ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"யாருகிட்ட?"

"என்கிட்ட!"

"நீதான் பேனா வச்சிருந்தியே."

ஃபெலிசியா விழித்துக்கொண்டு நின்றாள். அந்தோனியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னா பாப்பா, தோட்டத்துல பொறந்த புள்ளதான நீ? விடியக்காலப் பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிற கிராணி பேனாவத் தூக்கிட்டுக் கேட்டா ஒரே பதில்தான். நல்லா இருக்குங்க. கொற சொன்னவனுக்கு மறுநாளு மலை உச்சியில நிரை. எங்கம்மா அப்படித்தான் சொல்லிக்குடுத்தா. அதுவும் டாக்டரம்மா யாரு? என் கண்ண அவங்க கையால தொட்டவங்க. அவங்க மொகத்துக்கு நேரா நீங்க வச்சது சரியில்லன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

திரும்பி வரும் வழியெல்லாம் ஃபெலிசியாவுக்கு ஒரே உறுத்தல். அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட, ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட, ஒரு குறையும் சொல்லவில்லை. எந்த ஊரில் நடக்கும் இது? மூன்று வருடங்களாகவே அந்த எண்ணம் அவளுக்கு இருந்தது. டாக்டர் மாதந்தோறும் கேட்பார், "எல்லாம் சரிதானே?" என்று. சரிதான் டாக்டர் என்பாள். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் புரிகிறதா என்று கேட்டபோது சொன்ன அதே பதில். அப்பா துரையிடம் சொன்ன அதே பதில். அந்தோனியம்மாளுக்குப் பள்ளிக்கூடமில்லை. தனக்கு இருந்ததே, அது எதற்கு உதவியது?

இப்போதும் சொல்லாமல் இருக்கலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் மூன்று வாரத்தில் அந்த வில்லை இன்னும் எத்தனையோ அந்தோனியம்மாள்களின் கண்ணுக்குப் போகும், எத்தனையோ பேர் நிரையை இழப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அவள் டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்தாள்.

"எத்தனை பேர்?" என்றார் டாக்டர்.

"தெரியல. எல்லாருமே இருக்கலாம்."

"உனக்கு எப்ப தொடக்கம் சந்தேகம்?"

"மூணு வருசமா."

"நான் ஒவ்வொரு மாசமும் கேட்டனான் எல்லோ?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்னனீ?"

"சரிதான்னு சொன்னேன்."

டாக்டரின் கையில் பேனா இருந்தது. அதைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"என்ர தாத்தா செல்லப்பா அந்தப் பக்கத்திலைதான் கிராணியா இருந்தவர். அங்க சனம் குறையே சொல்லாது, அவ்வளவு நல்ல சனம் எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினனான்." பிறகு தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் இருந்த நிபுணர் குழுக்காரரிடம் அவர் ஆங்கிலத்தில் சொன்னது மூன்றே வாக்கியம். என் முடிவு தவறு. கேள்வி கேட்ட விதம் தவறு, கேட்டது நான். பேச வரவில்லை.

ஆறு ஆண்டு வேலை. தொலைபேசியை வைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. திட்டு விழும், அழுகை வரும், வேலை போகும் என்று பயந்துகொண்டு நின்ற ஃபெலிசியா, ஒரு மனிதரால் இப்படியும் முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே டாக்டர் தோட்டத்துக்கு வந்தார். பேனா இல்லை, தாள் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. நல்லசாமி காயம்பட்ட மரங்களைக் காட்டினார். டாக்டர் ஒவ்வொரு முண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். நோயாளியின் இமையைத் தொடுகிற அதே விரல், அதே மென்மை.

"ஆளுங்ககிட்டக் கேட்டா இப்படித்தான் டாக்டரம்மா" என்றார் நல்லசாமி. "இதுங்ககிட்டக் கேளுங்க. இதுங்களுக்கு மரியாதை தெரியாது."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். டாக்டருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தலையை நிமிர்த்தி, "வெட்டித் தள்ளப்போற பழைய மரங்கள் எங்கையும் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தன. மறுநடவுக்காகச் சாய்க்கவிருந்த ஒரு காடு. அதில் காயம் பட்டாலும் நட்டமில்லை. நிர்வாகி ஒரு மாதம் தள்ளிவைக்கச் சம்மதித்தார். அறுபத்திரண்டு பேரில் இன்னும் உளி பிடிக்கக்கூடியவர்கள் பத்தொன்பது பேர். பத்துப் பேருக்கு வளைய வில்லை, ஒன்பது பேருக்குச் சாதாரணம். ஒவ்வொருவரும், நாளுக்கு இரண்டாக, விடியுமுன் தலைவிளக்கோடு மொத்தம் நாற்பது மரம் வெட்ட வேண்டும். வெயில் ஏறிய பிறகு இன்னொரு நாற்பது. வெட்டியவர்கள் போன பிறகு காயத்தை எண்ணுவது நல்லசாமி. மரங்களில் எண் மட்டும் இருக்கும்; எந்த எண் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. டாக்டரும் பட்டியலைப் பார்க்கமாட்டார். அது ஃபெலிசியாவின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

அந்தோனியம்மாள் மட்டும் மாட்டேன் என்றார். "எல்லாரும் பாக்க நான் மரத்தக் கெடுக்கணுமா? ஏற்கெனவே பட்டது போதும்."

டாக்டர் அவரருகே வேர்மேல் உட்கார்ந்தார். "நீங்கள் வடிவா வெட்ட வேண்டாம். உங்கட கண் எப்பிடியோ அப்பிடி வெட்டுங்கோ. அது எனக்குச் செய்யிற உதவி."

உதவி என்ற சொல்லுக்கு அந்தோனியம்மாள் மசிந்தார்.

முதல் வாரம் ஒருவருக்கும் காயமே விழவில்லை. ஃபெலிசியா குழம்பிப்போனாள். நல்லசாமிதான் ஒரு மரத்தடியில் குந்திப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "அடப் பாவிங்களா! மேலாகச் சீவிட்டு வந்திருக்கீங்க! பாலே வரல!" டாக்டரம்மா சந்தோசப்படட்டும் என்று பத்தொன்பது பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, பட்டையின் மேல்தோலை மட்டும் வருடிவிட்டு வந்திருந்தார்கள். டாக்டர் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து புது விதி: மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் விழாத மரம் கணக்கில் சேராது.

அதற்குப் பிறகுதான் மரங்கள் பேசத் தொடங்கின. அந்த இருபது நாட்களை ஃபெலிசியா மறக்கமாட்டாள். ஐந்தரை மணிக்கு மூடுபனிக்குள் தலைவிளக்குகள் ஒவ்வொன்றாக நகரும். உளி பட்டையில் இழுபடும் சத்தம். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த டாக்டர் ரப்பர் பூட்சோடு நடுவில் நிற்பார். ஆளுக்கு எண்பது மரம். எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்றிருபது. ஒவ்வொன்றையும் நல்லசாமி கட்டைவிரலால் தடவி, காயமிருந்தால் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவார். கண் மருத்துவத்தில் எழுத்துப் பலகை வைத்த நாள்முதல் யாராவது இப்படி ஒரு பலகையைக் கண்டிருப்பார்களா?

பட்டியலைத் திறந்தபோது கணக்கில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வெயிலில் இரண்டு குழுவும் சமம். விளக்கொளியில் மட்டும் வளைய வில்லைக்காரர்களின் மரங்களில் மூன்று மடங்கு காயம். கயிறு கட்டிய கண்ணாடிக்காரர்கள் இருட்டிலும் நன்றாகவே வெட்டியிருந்தார்கள். டாக்டர் அந்தக் கட்டுரையை எழுதி அனுப்பினார். நிபுணர் குழு, விடியுமுன் விளக்கில் வேலை செய்பவர்களுக்கு வளைய வில்லை வேண்டாம் என்று முடிவெடுத்தது. கட்டுரையில் நல்லசாமியின் பெயர் ஆய்வாளர்களில் ஒருவராக இருந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டி, தெரியாத மொழியில் தன் பெயரை மட்டும் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அந்தோனியம்மாளின் கண்?

வைத்த சில மாதங்களுக்குள் என்றால் வில்லையை மாற்றுவது எளிது. ஆறு ஆண்டில் அதைச் சுற்றிய பை இறுகி ஒட்டிக்கொள்ளும். வலக்கண்ணில் அந்தப் பைக்கு ஏற்கெனவே லேசர் சிகிச்சை செய்து துளை போட்டிருந்தார்கள். அதைத் தொட முடியாது. இடக்கண்ணை முயன்று பார்க்கலாம். ஒரு கண் சரியானாலே அந்தோனியம்மாளால் நிரைக்குத் திரும்ப முடியும். ஆனால் பராசக்தி டாக்டரின் கை இரண்டாண்டுகளுக்கு முன்பே நடுங்கத் தொடங்கியிருந்தது. அவர் அறுவையை விட்டுவிட்டார். தான் வைத்ததைத் தானே எடுக்க முடியாது.

கோலா பிலாவில் லயத்து வாசலில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி அவர் சொன்னார்: "இந்த லென்சை வச்சது நான். பிழையான கேள்வி கேட்டு ஆறு வருசம் வீணாக்கினதும் நான். உங்கட இடக்கண்ணைச் சரிபண்ணித் தராமல் நான் ஓயமாட்டன். இது உங்களுக்கு நான் தரவேண்டியது."

அந்தோனியம்மாள் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் பெரிய வார்த்தம்மா" என்றார்.

டாக்டர் மூன்று அறுவை மருத்துவர்களைக் கேட்டார். இருவர் மறுத்தார்கள். மூன்றாமவர் ஒப்புக்கொண்டு இரண்டாயிரத்து இருபது மார்ச் மாதக் கடைசியில் நாள் குறித்தார். அதற்குள் தொற்றுநோய் பரவி நாடே வீட்டுக்குள் அடைந்தது. அடைப்பு விலகியபோது அந்த மருத்துவர் வெளிநாட்டில் இருந்தார். டாக்டர் ஓய்வு பெற்றார். ஆனாலும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சென்னை, பினாங்கு, பெர்த். இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பரில், சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்றார்கள்.

இறுதிச் சடங்குக்கு அந்தோனியம்மாள் கோலா பிலாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஃபெலிசியாவின் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டார்: "பாப்பா, அந்தக் கண்ணு விசயம் இனிமே யாருகிட்டக் கேக்குறது?"

டாக்டர் எழுதிய கடிதங்களின் நகல்கள் ஃபெலிசியாவிடம் இருக்கின்றன. அதற்குப் பின் அவளும் நான்கு பேருக்கு எழுதிவிட்டாள். வயதையும் கண்ணின் நிலையையும் பார்த்து, வேண்டாம் என்கிறார்கள். தோட்டத்தில் அந்தோனியம்மாளின் பழைய நிரையை ஓர் இந்தோனேசியத் தொழிலாளி வெட்டுகிறார். அந்தோனியம்மாளுக்கு இப்போது அறுபத்தேழு. வேலையிலிருந்து நின்றுவிட்டார். வில்லை மட்டும் இடக்கண்ணுக்குள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு வயதாவதில்லை.